நெற்றியில் வைத்த புலிக்காசு

எங்கள் கம்பெனிக்குப் புது ஃபர்னஸ் ஓட்டிக்காட்ட வந்த சீனக்காரர்தான் ஆரம்பித்துவைத்தார். மூன்று மாதம் கும்மிடிப்பூண்டியில் எங்களோடு சாம்பார் சாதம் தின்ற மனிதர், கிளம்பும் அன்று என் கையில் ஒரு வெள்ளிக் காசை வைத்தார். ஒரு பக்கம் மாடு. போனை நீட்டினார், தமிழில் வந்திருந்தது: "நான் பிறந்தது மாடு வருடம். வருடத்துக்கு ஒரு விலங்கு. மொத்தம் பன்னிரண்டு."

அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. பன்னிரண்டும் வேண்டும். டெஸ்டிங் லேபில் கம்பியை எந்திரத்தில் மாட்டி, அது அறுகிறவரை இழுத்துப் பார்ப்பது என் வேலை. அது போக மீதி நேரமெல்லாம் போனில் எலியும் பாம்பும் குதிரையும்தான். "இன்னா தம்பி, சர்க்கஸ் கம்பெனி வெக்கப்போறியா?" என்பார்கள் கேன்டீனில்.

இரண்டு வருடத்தில் ஒரு டப்பாவில் ஒன்பது சேர்ந்தன. எட்டு வெள்ளி. முயல் மட்டும் தங்கம், ஒரே கிராம். நான் பிறந்தது தொண்ணூற்றொன்பது. தேடிப் பார்த்தால் முயல் வருடம். சொந்த விலங்காவது தங்கத்தில் இருக்கட்டுமே என்று போனஸை அப்படியே கொடுத்து வாங்கினேன். "ஒரு ஜோடி கம்மல் வந்திருக்கும். மொசல வாங்கினு வந்து நிக்கிறான்" என்றாள் அம்மா.

அப்பா போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நான் வாசலில் ஷாமியானா கட்டுகிறவர்களோடு நின்றிருந்தேன். உள்ளே அத்தையின் குரல்: "நெத்திக்கு வெக்க ஒரு ரூவா காசு குடுங்கடா." எல்லோரும் பாக்கெட்டைத் தடவினார்கள். எங்கள் தெருவில் டீக்கும் போன், பாலுக்கும் போன். "ஒரு ஊட்லகூட ஒரு ரூவா இல்லியா? இன்னா ஜென்மங்கடா நீங்க" என்று அழுகையும் திட்டுமாக அவள் அறைக்குள் போனது காதில் விழுந்தது. அதற்குமேல் நான் கவனிக்கவில்லை.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அப்பாவின் நெற்றியில், சந்தனத்தில் அழுந்தி, என் புலி.

அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சந்தனம் பட்டு வெள்ளி கறுத்துவிடுமே என்று நினைத்தேன். அடுத்தது, இந்தப் புலி மறுபடி கிடைக்காதே. கை தானாக நீண்டது. அப்பாவின் முகத்தைத் தொட ஆசைப்படுகிறேன் என்று நினைத்த பெரியப்பா, பின்னாலிருந்து தோளைப் பிடித்தார். "போதும் நைனா. போவட்டும்." முகத்தில் துணியை இழுத்துவிட்டார்கள். குழிக்குள் மண் விழுந்தது. அந்தக் கடைசி நிமிடத்தில் நான் பார்த்தது காசைத்தான், அவரை இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அத்தையே சொன்னாள். "எங்க அண்ணனுக்கு ஒரு ரூவா இல்லாமப் பூடுச்சேன்னு, டப்பாவுல இருந்த வெள்ளிய எடுத்து வெச்சி அனுப்பனேன் அண்ணி." அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அதுல ஒன்னு உன் வருசம்னு சொன்னியே. அதுவா பூடுச்சு?"

"இல்லம்மா. போனது புலி. நான் முயல்."

"உன் வருசத்த அவரு நெத்தியில வெச்சி அனுப்பிட்டா, உன்னியும் கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போற மாதிரிடா. மறைக்காம சொல்லு."

தங்க முயலை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி அலமாரியில் வைத்தாள். அன்றுதான், அப்பா போன பிறகு முதல்முறையாக, தட்டில் இருந்த சோற்றை முழுசாகச் சாப்பிட்டாள்.

நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். காலி இடம் என்னை இருக்கவிடவில்லை. இன்னொரு புலி கிடைக்குமா என்று சீனக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். புலி உன் வருடமா என்று கேட்டார். இல்லை, முயல் என்று சொல்லி, பிறந்த தேதியையும் போட்டேன்: ஜனவரி, மாட்டுப்பொங்கல் அன்று. புதுவாயல் ஜங்ஷனில் கம்பெனி பஸ் நின்றபோது பதில் வந்தது. "அந்த வருடம் எங்கள் புத்தாண்டு பிப்ரவரியில்தான் பிறந்தது. நீ முயல் இல்லை. புலி."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஜாதகத்திலேயே வெகுதானிய வருடம் என்றுதான் எழுதியிருக்கிறது. தை மாதப் பிள்ளைக்கு முந்தின சித்திரையில் தொடங்கிய வருடம்தான் கணக்கு என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சீனக்காரருக்கும் ஒரு சித்திரை இருக்கும் என்று தோன்றவே இல்லை.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. எது எத்தனை கிலோவில் அறுகிறது என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். ஆனால் பஸ் சுடுகாட்டைத் தாண்டுகிறது என்பதால் இப்போது எதிர்ப்பக்க சீட்டில் உட்காருகிறேன். யாருக்கும் சொல்லாமல் போய் ஈசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். அப்பாவின் முகத்தை நினைக்க முயன்றால் சந்தனம் வருகிறது, வாயைத் திறந்த புலி வருகிறது, அதற்குக் கீழே ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

அம்மா தினமும் முயலுக்கு விபூதி வைக்கிறாள். நாலு நாளைக்கு ஒருமுறை கேட்டுவிடுகிறாள். இன்று காலையும் கேட்டாள், சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு.

"இது உன்னுதுதானேடா?"

"ஆமாம்மா. பஸ் வந்துரும்."

"வரட்டும். மூஞ்சியப் பாத்து சொல்லு."

பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்த்தபடி, "என்னுதுதான்" என்றேன்.