ஜன்னல் சாரின் பதினேழாம் திரை

என் அக்கா புருஷனைப் பாட்டுக்காரர்கள் ஜன்னல் சார் என்பார்கள். முகத்துக்கு நேரே வெறும் சார்தான். ஜன்னல் என்பது முதுகுக்குப் பின்னால். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். உறவுமுறை அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்வது.

வீட்டின் பின்னறையை இரண்டாகத் தடுத்து நடுவில் கண்ணாடி பதித்து அவர் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவர் நிற்கும் கூண்டு. இந்தப் பக்கம் மச்சானின் சுழல் நாற்காலியும் அதற்கு எதிரே மூன்று கணினித் திரைகளும். தொழில் என்று பார்த்தால் லிஃப்டுகளுக்கும் ஆஸ்பத்திரி வரிசைகளுக்கும் அறிவிப்புக் குரல் பதிவுசெய்து கொடுப்பது. ‘கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்.’ அதற்கு ஒரு திரையே அதிகம். ஆனால் வாயைத் திறந்தால் கலை, ஒலியின் ஆன்மா என்றுதான் பேச்சு வரும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவு மென்பொருளில் குரலின் கூர்மையைக் குறைக்க ஒரு கருவி, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய ஒரு கருவி, பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல் எதிரொலி கொடுக்க ஒரு கருவி என்று ஏகப்பட்டது உண்டு. ப்ளகின் என்பார்கள். ஒவ்வொன்றும் திரையில் தனி ஜன்னலாகத் திறக்கும். வேலை தெரிந்தவன் திறப்பான், திருகுவான், மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். மச்சான் மூடமாட்டார். மூடினால் கருவி நின்றுவிடும் என்று நினைக்கும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. மூடினால் அழகு போய்விடும் என்று நினைக்கும் அளவுக்குத்தான் முட்டாள்.

திறந்துகிடக்கும் ஜன்னல்களை இழுத்து இழுத்து வரிசையாக அடுக்குவார். அடுக்கிய கோலத்தை அப்படியே சேமித்துவைத்து, வேண்டும்போது ஒரு எண்ணை அழுத்தினால் மூன்று திரையிலும் அதே கோலம் வந்து நிற்கும். அப்படிப் பதினாறு கோலங்கள் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் ‘திரை’ என்பார். ஆறாம் திரை ஆண் குரலுக்கு. ஒன்பதாம் திரை யாராவது வந்தால் காட்டுவதற்கு. ஒருமுறை கிடார்க்காரர் ஒருவர் மடியில் கிடாரோடு முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பவே இல்லை. அவர் போனது சாயங்காலம்தான் மச்சானுக்குத் தெரிந்தது.

என் அக்கா பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். இருபது வருஷமாகப் பலருடைய பாட்டுகளில் கோரஸும் பாடியிருக்கிறாள். நாலு குரலில் ஒரு குரலாக நின்று ‘ஆ’ போட்டதோடு சரி. அவள் மட்டும் தனியாகப் பாடியது என்று உலகத்தில் ஒரு பதிவு கிடையாது. வீட்டுக்குள்ளேயே ஸ்டுடியோ, கட்டின புருஷனே ஒலிப்பதிவாளர், இருந்தும் கிடையாது. தானே எழுதி மெட்டுப் போட்ட ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் கேட்டாள். “இதோ, திரையை ஒழுங்கு பண்ணிட்டு உக்காந்துடலாம்மா” என்று ஒன்பது வருஷமும் இவர் சொன்னார்.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர் பயமுறுத்தவில்லை. “எடுத்துடலாம். உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா குரல் இதே மாதிரி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்றார். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. அதுவரை தொண்டைக்கு வேலை கொடுக்கக் கூடாது.

“புதன்கிழமை காலையில பாடறேன்” என்றாள் அக்கா. “ஒரே தடவை. முழுசா. அது போதும்.”

மச்சான் திங்களும் செவ்வாயும் அறையை விட்டு வெளியே வரவில்லை. பாட்டுக்குத் தயார் செய்கிறார் என்று அக்கா நம்பினாள். புதன்கிழமை நான் போனபோது மூன்று திரையும் மயில் நீலத்தில் ஜொலித்தன. பன்னிரண்டு ஜன்னல்கள், அளவெடுத்து ஒட்டினாற்போல.

“பதினேழாம் திரை. உனக்காகவே பண்ணினதும்மா. உனக்குப் பிடிச்ச கலர்” என்றார்.

அக்கா பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க. ஆரம்பிக்கலாமா?” என்றாள்.

இந்த மென்பொருளில் பிரதானமான பக்கம் ஒன்று உண்டு. எந்த மைக்கின் ஒலி பதிவாகிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும். பதிவாகப் பதிவாகக் குரல் கோடாக ஓடுவதும் அதில்தான். அது எங்கே என்று கேட்டேன். “அடியில இருக்கு மாப்ள. மேல இருந்தா கண்ணை உறுத்துது” என்றார். பந்திக்கு வந்தவனிடம் சாப்பாட்டை மறைத்துவிட்டு இலையை மட்டும் காட்டுகிற ஆள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டினாள். மச்சான் பதிவுப் பொத்தானை அழுத்தினார். எங்கள் பக்க ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

இரண்டு வரி போயிருக்கும். மச்சானின் கை மவுஸுக்குப் போயிற்று.

“பாட்டு ஓடுது மச்சான். கையை எடுங்க.”

“அந்த எதிரொலி ஜன்னல் ஒரு முடி அளவு இறங்கியிருக்கு மாப்ள.”

“இறங்கினது ஜன்னல் இல்ல, உங்க மூளை.”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். நாங்கள் பேசுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்காது என்ற தைரியம். அவர் இடது பக்கம் நகர்த்தினார். பொண்ணு பார்க்கவா வந்திருக்கிறோம், இப்படி ஜோடிக்கிறீர்களே என்றேன். அவர் வலது பக்கம் நகர்த்தினார். லிஃப்டுக்குக் கதவு மூடத் தெரிகிறது, உங்களுக்கு ஜன்னல் மூடத் தெரியவில்லையே என்றேன். அன்றைக்கு எனக்கு நாக்கில் சனி. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். பாட்டு முடிந்தது.

அக்கா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது. “வந்துடுச்சுங்க. எனக்கே தெரிஞ்சுது, நல்லா வந்துடுச்சு. ஒரு தடவை போடுங்களேன்.”

“இப்ப வேண்டாம்மா, பச்சையா இருக்கும். மெருகு ஏத்திட்டுக் காட்டறேன்” என்றார் மச்சான். மதியம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். துணிமணி எடுத்துவைக்கப் போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டு வாரம் பேசக் கூடாது என்றார்கள். நோட்டில் எழுதிக் காட்டினாள். இரண்டு வாரம் கழித்துப் பேசியபோது குரல் கரகரவென்று அடியில் கிடந்தது. மேலே ஏறவில்லை. இனி இதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், “அந்தப் பாட்டைக் கேக்கணும்” என்றாள்.

மச்சான் பதினேழாம் திரையை வரவழைத்து ஓடவிட்டார்.

முதலில் தெளிவாகக் கேட்டது மவுஸின் டக் டக். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் என் குரல், வெகு அருகில், வெகு தெளிவாக: ‘கையை எடுங்க.’

என்ன நடந்தது என்று பிறகு தோண்டிப் பார்த்தேன். இந்த மகானுபாவர் அக்காவின் பாட்டுக்குப் புதிதாக ஒரு கோப்பு திறக்கவில்லை. பழைய லிஃப்ட் அறிவிப்புக் கோப்பில் ஜன்னல்கள் நேராக நின்றனவாம். அதையே திறந்து, அறிவிப்பை மட்டும் அழித்துவிட்டு, ஜன்னல்களை வைத்துக்கொண்டார். அந்த அறிவிப்பை அவரே தன் மேசை மைக்கில் பேசிப் பார்த்திருந்தார். அதனால் பதிவுக்குத் தயாராக நின்றது மேசை மைக். அக்காவின் மைக் கேட்பதற்கு மட்டும் திறந்திருந்தது, பதிவதற்கு இல்லை. பிரதானப் பக்கத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அதைத்தான் கண்ணை உறுத்துகிறது என்று அடியில் போட்டாரே. மெருகு ஏற்றுகிறேன் என்றவர் அந்த இரண்டு வாரமும் ஜன்னல்களுக்கு மெருகு ஏற்றினாரே தவிர, பாட்டை ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்கவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து மேசை மைக்குக்கு வந்த அளவுக்கு மட்டும் அக்கா இருந்தாள். எங்கோ பக்கத்து வீட்டில் பாடுவதுபோல. அதன் மேல் நான் பொண்ணு பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணத்தில் அவள் குரல் மேலே மேலே ஏறிப் போய் ஒரு இடத்தில் நின்றது. அந்த இடத்தில் சரியாக ஒரு கெக்கலிப்பு. அது மச்சானுடையது இல்லை.

“பேச்சை மட்டும் பிரிச்சு எடுக்கற ப்ளகின் இருக்கும்மா” என்று மச்சான் அவசரமாகப் பதிமூன்றாவது ஜன்னலைத் திறந்தார். திருகினார். என் குரல் தேயத் தேய அவள் குரலும் சேர்ந்து தேய்ந்தது. அவர் ஜன்னலை நிமிர்த்தி மற்றவற்றோடு வரிசையாக வைத்துவிட்டு மறுபடி திருகினார்.

“நிறுத்துங்க” என்றாள் அக்கா.

அவரை அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சேர்ந்து திட்டுவதற்கு எனக்கும் பத்து வார்த்தை தயாராக இருந்தது. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அந்தக் கரகரத்த குரலில் என்னிடம்தான் பேசினாள்.

“அவர் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தார், சரி. நீயாவது கேட்டியாடா?”

பாட்டின் முதல் வரி என்ன என்று அவள் கேட்டிருந்தால்கூட எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.