கல்வராயன் மலையில் ஒரே ஒரு வீட்டு வாசலில் நின்ற கார்

போன கார்த்திகையில் நான்கு நாள் கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் போய்வந்தேன். மழை ஓய்ந்த சமயம், அருவியில் தண்ணீர் இருக்கும், ஏற்காட்டுக் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். ஆனால் இந்தப் பதிவில் அருவிப் படம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்காகத் திட்ட நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள், இன்னும் நல்ல காரணம் கிடைக்கும்.

கூட வந்தது கங்கா. என்னோடு கல்லூரியில் படித்தவள், இப்போது தற்கொலைத் தடுப்பு பற்றி ஆய்வு செய்கிறாள். சமவெளியில் நிலம் உள்ள குடும்பங்கள், நிலமில்லாத கூலிக் குடும்பங்கள், மலை மக்கள் என்று மூன்று தரப்பிலும் உயிரை விடத் துணிந்து பிழைத்தவர்களைச் சந்திப்பாள். எது அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது, இப்போது எது பிடித்து நிறுத்துகிறது என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போய்விட மாட்டாள். மாதக் கணக்கில் போனில் தொடர்ந்து பேசுவாள். அவளோடு வழக்கமாகப் போகிற பெண்ணுக்குக் காய்ச்சல். "நீ சும்மா கூட வா. தண்ணி பாட்டில் தூக்கு, வாயத் தொறக்காத. கடைசி நாள் அருவி பாத்துக்கோ," என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று நம்பியதுதான் இந்தப் பயணத்தில் அவள் செய்த ஒரே தப்பு.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். ஒன்பதரைக்கு உளுந்தூர்பேட்டை. லாரிகளுக்கு நடுவே ஒரு கடையில் இட்லி, வடை, காபி, ஆளுக்கு எழுபது ரூபாய். அங்கிருந்து வேறு பஸ், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். எலவனாசூர்கோட்டை தாண்டியதும் கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது, அதற்குப் பின்னால் நாங்களும் ஆடி ஆடிப் போனோம். பதினொன்றேகாலுக்குக் கள்ளக்குறிச்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு எழுநூறு ரூபாய்க்குச் சுத்தமான ரூம் கிடைத்தது. வெந்நீர் மட்டும் பக்கெட்டில் வரும், அவர்களுக்கு ஞாபகம் வந்தால்.

மறுநாள் மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். கங்கா பார்க்க வேண்டியது ஒரே ஒருவரை. ஆனால் தெருமுனை வீட்டில் தொடங்கி வரிசையாக எல்லா வீட்டிலும் உட்கார்ந்தாள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனசு எப்படி, கஷ்டம் வந்தால் யாரிடம் பேசுவீர்கள் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டாள். அந்த ஒரு வீட்டில் மட்டும் கேள்விகள் ஆழமாகப் போகும். ஆனால் உட்காருகிற நேரம், குடிக்கிற டீ, சிரிக்கிற சிரிப்பு எல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஒரு வீட்டுப் பெரியவர், "எங்களுக்கு இன்னாம்மா மனசு? மில்லுலேர்ந்து கரும்பு வெட்ட ஆர்டர் வந்தா மனசு நல்லாருக்கும், வரலன்னா பொண்டாட்டிய திட்டிக்கினு திரிவோம்," என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஆர்டர் வந்தாலும் அதான் பண்ணுது," என்று குரல் கொடுத்தார்.

நாலாவது டீயில் எனக்குப் பொறுமை போயிற்று. "ஒரு ஆளப் பாக்கறதுக்குத் தெருவெல்லாம் டீ குடிக்கணுமாடி?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"நேரா அந்த வீட்டுக்குப் போனா, நான் பஸ் ஏறினப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு பேர் வந்துரும். அந்தப் பேரோட அவர்தான் இங்க வாழணும், நான் இல்ல," என்றாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் நிறையச் சொன்னாள். காரணம் ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதே என்றாள். சமவெளியில் கடனும் குடியும் விளைச்சலும் பின்னிக்கிடக்கும், மதிப்பெண்ணைப் பார்த்து வீட்டுக்கு வரப் பயப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். மலையில் புருஷன் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பான், ஆஸ்பத்திரி தூரம், பேச ஆள் இருக்காது. ஆனால் மூன்று இடத்திலும் பிழைத்து வந்தவர்களை வதைப்பது ஒன்றே என்றாள். ஊரின் பார்வை. நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கேட்டதெல்லாம் எங்கே போயிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மூன்றாம் நாள் மலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஜன்னலோரம் பிடியுங்கள், வளைவுகளில் வயிற்றைப் புரட்டும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலையில் லாட்ஜ் எண்ணூறு ரூபாய். சுற்றுவதற்கு ஏழுமலை என்பவரின் கார், நாளுக்கு ஆயிரத்தெண்ணூறு, டீசல் உட்பட. ஏழுமலை நிதானமான ஓட்டுநர், ஆனால் ஆட்டைக் கண்டாலும் ஹாரன், ஆளைக் கண்டாலும் ஹாரன்.

நாங்கள் போனது ஒன்பது வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். கங்கா காரை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி நடத்திக் கூட்டிப்போனாள். அங்கே பார்க்கவேண்டியவளை ஜோதி என்று வைத்துக்கொள்வோம். பெயர், வீட்டு அடையாளம், நான் வாங்கிப்போன பொருள் உட்படப் பலவற்றை மாற்றியிருக்கிறேன். கங்கா வழியாக ஜோதியிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

ஜோதிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் கேரளாவில் எஸ்டேட் வேலை. ஆடி மாதம் ஒருநாள் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தவள், மாமியார் சீக்கிரம் திரும்பி வந்ததால் பிழைத்தாள். அந்தம்மாள் ஊரில் வயிற்று ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் கங்காவுக்கும் வெளியே விஷயம் தெரிந்தவர்கள் புருஷனும் மாமியாரும் மட்டும். கங்கா சுற்றி வளைக்காமல், "இப்ப அந்த நெனப்பு வருதா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோதிக்கு ஒன்றும் ஆகவில்லை. "வருதுக்கா. முன்னல்லாம் வந்தா ஒக்காந்துக்கும். இப்ப வருது, போயிருது," என்றாள். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக, "திங்கக்கெழமலேர்ந்து அங்கன்வாடில சமைக்கக் கூப்புட்டுக்கிறாங்க. புள்ளைங்களுக்கு நான்தான் சோறு," என்றாள். அந்த வேலைதான் அவளுக்கு இப்போது எல்லாம் என்று மாமியார் சொன்னார். நான் அழுதுவிடாமல் சமாளித்து வெளியே வந்தேன். மற்ற எட்டு வீடுகளிலும் டீ.

மறுநாள் காலை கங்கா ரூமில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஏழுமலை காரில் பெரியார் அருவிக்குக் கிளம்பினேன். கடைத்தெருவில் ஆப்பிள் கண்ணில் பட்டது. இரண்டு கிலோ வாங்கினேன். கூடவே ஒரு ஸ்வெட்டர். ஜோதிக்கு.

ஆமாம், அதேதான். முந்தாநாள் நான்கு டீ குடித்துக் கற்ற பாடம் இரண்டு கிலோ ஆப்பிளில் போய்விட்டது.

அருவிக்கு முன்னால் நேற்றுப் போன சிற்றூருக்கு வண்டியை விடச் சொன்னேன். ஊருக்குள் நுழைந்ததும், "எந்த வூடு மேடம்?" என்றார் ஏழுமலை. "அதோ, அந்த நீலக் கதவு," என்று கை நீட்டினேன். கார் நேராக அந்த வாசலில் போய் நின்றது. கோழிகளை விரட்ட ஏழுமலை இரண்டு ஹாரன் வேறு அடித்தார். தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, கிண்டல்காரி, இடுப்பில் கை வைத்து, "இன்னா மேடம், எங்க வூட்லதான் ரெண்டு கிளாஸ் டீ குடிச்சீங்க, ஆப்பிளு அந்த வூட்டுக்கா?" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு ஒரு பழம் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நானும் சிரித்திருந்தாலே போதும். ஆனால் நான் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கு அந்தப் பொண்ணு," என்றேன்.

"இன்னா கஷ்டம்? ஆபரேஷன் பண்ணிக்கினு வந்தா, அவ்ளோதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அதுகூட வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அந்த அக்காவின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள், நீலக் கதவைப் பார்த்தாள். "அப்ப ஆபரேஷன் இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டாள். குடத்தோடு நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜோதி கதவில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "ஒங்களுக்கு நான் இன்னா கொற வச்சேங்கக்கா?" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. மாமியார் இறங்கி வந்து என் கையிலிருந்த பையை வாங்கி, கார் சீட்டில் வைத்து, கதவைச் சாத்தி, "போயிருங்க," என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் ஏழுமலை, "அருவிக்கு வுடவா மேடம்?" என்றார். லாட்ஜுக்கே போகச் சொல்லிவிட்டு வழியெல்லாம் அழுதேன். அந்த அழுகைகூட எனக்கே அருவருப்பாக இருந்தது. யாருக்காக அழுகிறேன்? கேவலம், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆப்பிளை வாங்கும்போதே, இதைப் பதிவில் எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஒரு வரி மனதில் ஓடியது. என் நல்ல மனசுக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது, அவள் வாசலில் போய் நிறுத்தினேன். வெட்கத்தில் உடம்பு கூசியது, இதை எழுதும்போதும் கூசுகிறது.

கங்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீ இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு அதே காரில் போனாள். ஒரு கிலோமீட்டர் முன்னால் இறங்கி நடந்து, ஒன்பது வீட்டிலும் மறுபடி உட்கார்ந்தாளாம். ஜோதி சரி என்றதால் இந்தமுறை எதையும் மறைக்கவில்லை. ஜோதியே முந்திக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தாள். அந்த அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஆனால் ஊர் ஒரு வீட்டோடு முடிவதில்லை. மதியத்துக்குள் இரண்டு தாய்மார்கள் அங்கன்வாடிக்குப் போய், இவளா எங்கள் பிள்ளைகளுக்குச் சமைப்பது என்று கேட்டுவிட்டார்கள். "பொங்கல் கழியட்டும், அப்புறம் பாக்கலாம்," என்று அங்கன்வாடியிலிருந்து ஜோதிக்குச் சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் இந்தப் பக்கம் போவதானால்: கார்த்திகை, மார்கழி நல்ல சமயம். வெள்ளிமலைக்கு மேலே பெட்ரோல் பங்க்கை நம்ப வேண்டாம், போன் சிக்னலையும். சில்லறையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்வெட்டர் உங்களுக்கு. சிற்றூர்களில் யார் வீட்டிலாவது உட்கார்ந்தால் அடுத்த வீட்டிலும் உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது உயிர் வேண்டாம் என்ற நினைப்பு இருப்பதாகத் தோன்றினால், நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது. தனியாக, பொறுமையாக, வேறு காது இல்லாத இடத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், இலவச உதவி எண்களும் உண்டு. கூட்டிப்போங்கள், கூடவே உட்காருங்கள். உங்களுக்கே அப்படி இருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

திரும்பும்போது கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் கங்காவின் போன் அடித்தது. ஜோதி. போன் அடித்ததே பெரிய விஷயம் என்று கங்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் எடுத்தாள். ரொம்ப நேரம் பேசினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கங்கா போனைப் பைக்குள் வைத்தாள். நானாகத்தான் கேட்டேன், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று.

"நீ இனிமே அந்தப் பக்கமே வரக்கூடாதாம்," என்றாள்.

"சரி," என்றேன்.

"அப்புறம், நீ எங்க இருக்கன்னு கேட்டா. பக்கத்துல ஒக்காந்திருக்கான்னு சொன்னேன். 'அந்தக்கா அழுதுக்கினே போனாங்க. ரெண்டு நாளு அவுங்கள தனியா வுடாதீங்க'ன்னா."