அடுத்த நம்பர்

சுன்னாகம் சந்தையடியில் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். சுருக்கமாக, சுத்தமாக அடிப்பவள் என்ற கர்வம் எனக்கு உண்டு.

எண்பத்தாறில் மயிலிட்டியிலிருந்து அந்தோனி ஐயா வந்தார். உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் லொறி ஓட்டியவர். அவருடைய சேவைப் பதிவில் ஒரு பதக்கம் விடுபட்டிருந்தது. அதைச் சேர்க்கக் கேட்டு லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

"சவிரியானுக்கும் சேர்த்து அடி, பிள்ளை. என்னோடை லொறியிலை இருந்தவன், அங்கையே செத்துப்போனான். பட்டாளத்திலை சேரேக்கை வரிசையிலை எனக்குப் பின்னாலை நிண்டவன். என்ரைக்கு அடுத்த நம்பர்."

செத்தவரையும் சேர்த்தால் விண்ணப்பம் குழம்பும் என்று எனக்குப் பட்டது. ஐயாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சவிரியானைப் பற்றிய பந்தியை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

எட்டு மாதத்தில் திருத்திய பதிவும் பதக்கமும் கடை முகவரிக்கு வந்தன. ஐயா பதக்கத்தை மேசையில் வைத்துவிட்டு, உறைக்குள் மறுபடி விரல்விட்டுத் துழாவினார்.

"அவன்ரை எங்கை?"

உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பதக்கத்தைத் திரும்ப உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அவன்ரையும் வரட்டும் பிள்ளை. ரெண்டையும் ஒண்டா எடுக்கிறன்."

சவிரியானுக்கான கடிதத்தை அன்றே அடித்து அனுப்பினேன். பதில் வருமுன் சண்டை மூண்டு தபால் நின்றது. பிறகு மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்தது. ஐயா எங்கே போனார் என்று தெரியவில்லை. தொண்ணூற்றைந்தில் நானும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, கடையிலிருந்து அந்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பந்தியை அடிக்க எனக்கு ஐந்து நிமிடம் போயிருக்கும்.