சூஸ் வழியாகப் போன சனிக்கிழமை

திங்கட்கிழமை விடுமுறை என்று தெரிந்த நாளிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் புனேயில் பாதிப் பேர் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். நாங்களும் கொங்கண் கடற்கரையில் அறை எடுத்திருந்தோம். நாங்கள் குடியிருக்கும் பாணேரிலிருந்து புனேயின் சாந்தினி சௌக் சந்திப்பு வழியாகப் போனால் கூட்டத்தில் பிதுங்க வேண்டியதுதான். சூஸ், நாந்தே, லவளே என்று ஊர்களுக்குள் புகுந்து பிரங்குட்டில் மெயின் ரோடு ஏறினால் அந்தத் தொல்லை இல்லை. அலுவலக மீட்டிங்குகளுக்கு நடுவில்கூட செல்போனில் அந்தச் சாலைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான்தான். முந்தைய வாரம் விடியற்காலையில் தனியாகப் போய் ஒத்திகையும் பார்த்துவிட்டு வந்தேன்.

“ஏம்மா, நாம டூர் போறமா, சண்டைக்குப் போறமா?” என்றார் கணவர்.

“உங்களுக்கென்னங்க, ஏறினதும் தூங்கீருவீங்க.”

நான் இப்படிச் சாலைகளைத் துருவுவதன் காரணம் அவருக்கும் தெரியும்.

போன வருடம் இதேபோல் ஒரு விடுமுறையில் மகாபலேஷ்வர் கிளம்பி, கம்பாட்கி மலைப்பாதையில் மாட்டிக்கொண்டோம். இரண்டரை மணி நேரம் முன்னும் பின்னும் லாரிகள். மகளுக்கு அப்போது பதினொரு வயது. ஒன்றுக்கு வருகிறது என்றாள். ஒதுங்க மறைவே இல்லை. இதோ நகர்ந்துவிடும், இதோ நகர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சீட்டிலேயே போய்விட்டாள்.

“இத்தனை பெரிய பொண்ணு, அடக்கத் தெரியாதா?” என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. என் துப்பட்டாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இந்த முறை சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே கிளம்பினோம். நினைத்தபடியே சூஸ் சாலை காலியாகக் கிடந்தது. பிரங்குட் வந்தபோது ஆறுகூட ஆகவில்லை. கூட்டம் சேர்வதற்குள் தாம்ஹிணி மலையைத் தாண்டிவிட வேண்டும் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். கணவர் பின்னால் திரும்பி மகளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“ஒரு வாய் குடி கண்ணு.”

“அரே, வேணாம்னு சொன்னேன் நா, அப்பா.” புனேயிலேயே பிறந்தவள். அவள் தமிழ் அப்படித்தான்.

“நேத்து சாயங்காலத்துல இருந்தே ஒண்ணும் குடிக்கல. பாலைக்கூட அப்படியே வெச்சுட்டா” என்றார் என்னிடம், குரலைத் தணித்து.

கண்ணாடியில் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது.

“ஏன் கண்ணு?”

“ட்ராஃபிக் வந்தா?” என்றாள்.

முன்னால் ஒரு டீக்கடை திறந்திருந்தது. ஓரம் கட்டினேன். இறங்கிப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை, ஒரு வாரமாகச் சாலைகளைத்தான் யோசித்திருந்தேன்.

“அன்னைக்கு உன் மேல தப்பே இல்ல. நான் கத்தினதுதான் தப்பு.”

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். பிறகு, “யார்கிட்டயாவது சொன்னியா?” என்றாள்.

“யார்கிட்டயும் இல்ல.”

“அப்பா ஆபீஸ்ல?”

“சத்தியமா இல்ல கண்ணு” என்றார் அவர்.

“இனி எங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தறேன். பின்னாடி எத்தனை வண்டி நின்னாலும் சரி” என்றேன்.

அவள் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தாள். அப்புறம் அவல் போஹா வேண்டும் என்றாள். சாப்பிட்டுவிட்டு இன்னொரு தட்டும் கேட்டாள். எனக்கோ காலுக்கடியில் நெருப்பு. சாலையில் கார் மேல் கார் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் மலையில் எனக்கு முன்னால் நிற்கப்போகிற கார். டீயை வாய் சுடக் குடித்துவிட்டு எழுந்து எழுந்து நின்றேன். கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் பயந்தபடியேதான் ஆயிற்று. தாம்ஹிணியில் அருவி பார்க்க வந்தவர்கள் இருபுறமும் வண்டிகளை நிறுத்தியிருக்க, ஊர்ந்தே போனோம். அவள் மூன்று தடவை நிறுத்தச் சொன்னாள். மூன்றாவது தடவை அவசரம் ஒன்றுமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நிறுத்தினேன். பின்னால் ஹாரன்கள் அலறின. இறங்கி, சாலையோரம் சும்மா நின்று எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக ஏறிக்கொண்டாள்.

கடற்கரைக்குப் போய்ச்சேர மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அப்பாவும் மகளும் நேரே தண்ணீருக்குள் ஓடினார்கள். நான் மணலில் உட்கார்ந்து, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினால் தேவலை என்று செல்போனில் பார்க்க ஆரம்பித்தேன்.