ஜமால் பாய் குழுவை மூடி வைத்த பகல்

என் மூத்த பேத்தி பெரம்பலூரில் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கி, பி.எட். சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி கபடியில் மாவட்ட அணிக்குத் தேர்வாகிவிட்டான். திருச்சியில் இருக்கிற பேரனுக்குப் படிப்பு முடியும் முன்பே வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. எல்லோருக்கும் சின்னவள், என் மகன் முருகேசனின் மகள், பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். இதையெல்லாம் அன்று காலை நம் ‘வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டார்’ வாட்ஸப் குழுவில் எழுதியிருந்தேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு அவ்வளவையும் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போய்விட்டது.

வாழ்த்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே வேறொன்று வந்தது. “ஜமால் பாய் தவறிட்டாராமே, உண்மையா?”

ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு கும்பிடுகிற கை இல்லை, ஒரு அழுகிற முகம் இல்லை. வெளியாள் பார்த்திருந்தால் நம்மைக் கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைத்திருப்பார். எல்லோரும் லப்பைக்குடிக்காட்டில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. பிறகு அவர் மகள் ரஷீதா எழுதினாள்: “அத்தா மௌத்தாயிட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனிமே குரூப்ல சொல்லலாம்.” அதன் பிறகுதான் இரங்கல்கள் வந்தன.

குழுவில் பிறகு சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஜமால் பாய் நெடுங்காலம் அரபு நாட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு விழித்துக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களைச் சேர்த்து இந்தக் குழுவைத் தொடங்கியவர் அவர். எங்கள் போனில் ரீசார்ஜ் போட்டுக்கொடுத்த கையோடு எப்படிப் பதில் போடுவது என்றும் சொல்லிக்கொடுப்பார்.

“வாழ்த்து யாருக்குன்னு தெரிய வேணாமாக்கா? அந்தச் செய்தியப் புடிச்சு இப்படி இழுத்துட்டு, அப்பறம் எழுதுங்க. பொத்தாம்பொதுவா எழுதினா யார் தலையில போய் உக்காரும்னு சொல்ல முடியாது.”

என் பெருமை அவருக்கு அத்துப்படி. “அக்கா, ஒரு நாளைக்கு ஒரு பேரன்னு வச்சுக்கங்க. மத்தவங்களும் மூச்சு வுடணும்ல?” என்பார்.

“உங்களுக்குப் பொறாமை பாய்.”

“இருக்காதா பின்ன? எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அதுவும் போட்டோ புடிக்க வுடாது.”

ஒரு முறை குழுவில் இரண்டு பேர் விசா விஷயமாக வாய்க்கு வந்தபடி எழுதிக்கொண்டார்கள். பாய் இருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டார். “கோவமா இருந்தா எழுதாதீங்க, பஸ் ஏறி வந்து நேர்ல திட்டுங்க. டிக்கெட் எடுக்கறதுக்குள்ள பாதி எறங்கிடும்.” அவர்களில் ஒருவர் நிஜமாகவே வந்து, பாய் கடையில் டீ குடித்துவிட்டுப் போனார்.

இனி, சில வருஷங்களுக்கு முன்பு பாய் குழுவை மூடி வைத்த அந்தப் பகலைச் சொல்ல வேண்டும்.

முருகேசன் மனைவி கவிதா அப்போது நிறைமாதம், திருமானூரில் தாய் வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் சாமான் வாங்க வேப்பந்தட்டையில் இருந்து பெரம்பலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். போன் விடாமல் சத்தம் போட்டது. திறந்து பார்த்தால் ‘ஆழ்ந்த இரங்கல்’. அடுத்ததும் ‘ஆழ்ந்த இரங்கல்’. யாருக்கு என்று தெரியாமல் மேலே தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் மேலே, முருகேசன் வேலை பார்க்கிற வெளிநாட்டில் இருந்து ஒரு பையன் எழுதியிருந்தான்: “முருகேசன் போன வேன் ஆக்சிடென்ட். ஒருத்தர் இறந்துட்டாங்க.” அதற்குக் கீழே ஒருவர், “அய்யோ நம்ம முருகேசனா!” அதற்கும் கீழே யாரும் எதையும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் கேத வீட்டுக்குத் தலைகாட்டாதவனை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். அந்தப் பேர் வந்துவிடக் கூடாதென்று முன்னால் இருந்தவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர் என்று வரிசையில் வந்து என் மகனுக்கு மாலை போட்டுவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு எப்படி இறங்கினேன், எப்படிக் கடைக்குப் போனேன் என்று நினைவில்லை. பாய் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் தள்ளினார். அதற்கு முன்பே குழுவில் வேறு யாரும் எழுத முடியாதபடி மூடியிருந்தார். கவிதாவின் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “புள்ள கையில போனக் குடுக்காதீங்க. கேட்டா ரிப்பேருன்னு சொல்லுங்க. யாரு பார்த்தா, யாரு சொன்னான்னு ஒண்ணுமே தெரியல. நான் விசாரிக்கறேன்.”

அங்கே ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார். பலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. நான் சுவரில் தொங்கிய போன் உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூட பயமாக இருந்தது, அழுதால் அது உண்மையாகிவிடுமோ என்று.

வெயில் ஏறிய பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டார்கள். பாய் கேட்டார், கேட்டார், பிறகு போனை என் காதில் வைத்தார்.

“அம்மா, நான்தாம்மா. கால்ல அடி, வேற ஒண்ணுமில்ல.” பிறகு, “அருளு போயிட்டாம்மா” என்றான் என் மகன்.

அருள், அவனோடு ஒரே அறையில் இருந்த பையன். வரதராஜன்பேட்டை ஆரோக்கியமேரியின் மூத்த மகன். அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. என் பிள்ளை இருக்கிறான் என்பது ஒன்றுதான் எனக்குள் நின்றது.

“பாய், குரூப்பத் தொறங்க. எம் புள்ள இருக்கான்னு சொல்லணும்.”

“சொல்லலாங்க்கா. சொன்னதும் என்ன கேப்பாங்க?”

நான் அவர் போனுக்குக் கை நீட்டினேன்.

“அப்ப செத்தது யாருன்னு கேப்பாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் போனை என் பக்கம் திருப்பினார். இரங்கல் வரிசையில் கடைசியாக மேரி எழுதியிருந்தாள்: “அக்கா மனச தேத்திக்கங்க. நான் கிளம்பி உங்க வீட்டுக்கு வரேன்.”

கவிதா வீட்டுக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். பிறகு மேரியைக் கூப்பிட்டார். “எங்கம்மா இருக்கீங்க?” “ஜெயங்கொண்டம் தாண்டிட்டேன் பாய். அக்கா எப்படி இருக்காங்க?” “அரியலூர்லயே எறங்குங்க, நாங்க அங்க வரோம்.” அடுத்து அவள் அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அவரையும் அரியலூருக்கு வரச் சொன்னார்.

காரில் போகும்போது, “நான் எதுக்கு பாய்?” என்று கேட்டேன்.

“உங்களத் தேடித்தானக்கா அது வருது” என்றார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மேரி இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “பெத்த வயிறு என்ன பாடு படுங்கக்கா” என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவள் அண்ணன் வரும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பாய் சொல்லியிருந்தார். சொந்தம் ஒன்று பக்கத்தில் இல்லாமல் அந்தச் செய்தியை யாரும் கேட்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். என் மகனுக்காக அவள் அழுத அழுகையைக் கையில் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். “தண்ணி குடிங்கக்கா” என்று தன் பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுத்தாள். குடித்தேன்.

அண்ணன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் பாய் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “மேரியம்மா, முருகேசன் உசுரோட இருக்கான்.”

“ஆண்டவரே!” என்று கும்பிட்டாள். “அக்கா, நல்ல சேதிதான, அப்பறம் ஏங்க்கா அழறீங்க?” என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள், அவர் இங்கே எதற்கு வந்தார் என்பது போல. பிறகு பாய் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவளை வீட்டில் சேர்த்து, அவள் சொந்தங்களுக்கெல்லாம் ஆள் போன பிறகுதான் பாய் குழுவில் எழுதினார். அதில் யாரையும் திட்டவில்லை. “முருகேசன் நலம். நம்ம அருள் இறந்துட்டார். அவங்க அம்மாவுக்குச் சொல்லியாச்சு. இனி நீங்க சொல்லலாம். ஒரு சாவுச் சேதி வந்தா முதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க. பெத்தவங்க நம்ம குரூப்ப பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது.”

அவரிடம் இருந்து எனக்கு மிச்சம் இதுதான். பதில் எழுதும் முன் அதை யாரெல்லாம் படிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கிறேன். இந்தக் கதையை எழுதலாமா என்றும் மேரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். “எழுதுங்கக்கா, பாய் செஞ்சது நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றாள்.

பாய் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது மேரியும் வந்திருந்தாள். அவள் சின்ன மகள் ஜெனிபருக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். போன மாதமே சேர்ந்துவிட்டாளாம். குழுவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க பேரப்புள்ளைங்களப் போடறதப் பார்க்கறதே எனக்குப் போதுங்கக்கா. நான் போட்டா எல்லாருக்கும் அருளு நெனப்பு வந்துடும், யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டாங்க” என்றாள். இதையும் எழுதட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்து, சரி என்று தலையாட்டினாள்.

மேரி, அருள் நினைப்பு எங்களுக்கு எப்போதும் உண்டு. அதோடு சேர்த்தே வாழ்த்துவோம். ஜெனிபர் வேலைக்குப் போகிற உடுப்பில் நிற்கிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ எடுத்து இன்றைக்கே போடு.