வெள்ளிக்கிழமைப் பல்லுக்கொதி

போன வாரம் ரெய்னர்ஸ் லேனில் துணி திருத்தும் கடையொன்றில் கோட்டைக் கொடுத்துவிட்டு நின்றேன். ஈரக் கம்பளியில் சூடான அயன்பெட்டி பட்டதும் எழுந்த மணம் என்னை அப்படியே ஆய்வு மாணவியாக அலைந்த கிழக்கு லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. தையல்காரிகளின் வரலாற்றை எழுதிச் சம்பளம் வாங்குபவள் நான். ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது. சிரிக்காதீர்கள்.

யூதப் பெண்களின் வரலாறும் அவர்கள் எதிர்கொண்ட யூத வெறுப்பும்தான் என் ஆய்வு. "எங்கட சனத்தின்ர கதையெல்லாம் எழுதி முடிஞ்சுதோ, அங்க போறாய்?" என்று வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்த மாமா கேட்பார். அங்கே நல்ல தேத்தண்ணி கிடைக்கும் என்பேன்.

உண்மையில் தேத்தண்ணி மட்டும்தான் கிடைத்தது. இளமையில் தையல் பட்டறைகளில் உழைத்த பதினொரு முதிய யூதப் பெண்கள், வியாழன்தோறும் ஒரு சிறு மண்டபத்தில் கூடுவார்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தால் போதும், "எங்களுக்கு ஒரு குறையும் இருக்கேல்லை, கேக் எடு" என்றுவிடுவார்கள். மூன்று மாதத்தில் நான் பருத்தேன், ஆய்வு பருக்கவில்லை. தலைப்பை மாற்றும்படி பேராசிரியர் சொல்லிவிட்டார்.

விடைபெறப் போன அன்று அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. திரும்பும் வழியில் அவரையும் கூட்டிப்போனேன். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுத்தவர் அம்மா. மண்டபத்துத் திரைச்சீலையின் மடிப்பைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எதிரே இருந்த, பதினொருவரில் ஒருவரான எஸ்தரும் அதே மாதிரிப் பிதுக்கினார். அவ்வளவுதான், இருவரும் ஒரு கட்சி.

"பிள்ளை, வேலை கேட்டுப் போகேக்க இவ தன்ர சொந்தப் பேரைச் சொன்னவவோ எண்டு கேள்."

"அப்பிடியெல்லாம் கேக்கேலாது அம்மா."

"ஏன் ஏலாது? போனில என்ர பேரைச் சொன்ன உடன எத்தினை பேர் வாடகைக்கு அறை இல்லையெண்டவங்கள்!"

கேட்டேன். எஸ்தர் கண்களை இடுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழாக்கினேன்: "பட்டறையில நான் எலிசபெத். யூதப் பேரெண்டால் வேலை இல்லை. வெள்ளிக்கிழமை பொழுதுபட எங்கட ஓய்வுநாள் துவங்கும், அதுக்கு முன்னம் வீட்டில மெழுகுதிரி ஏத்தவேணும். அதால வெள்ளிக்கு வெள்ளி எனக்குப் பல்லுக்கொதி, பல்லுப் பிடுங்கவெண்டு வெள்ளன வெளிக்கிடுவன். கடைசியில முதலாளி கேட்டான், 'எலிசபெத், உனக்கு இன்னும் பல்லு மிச்சம் இருக்கோ?'"

அம்மா கண் மருந்தெல்லாம் வழிய வழியச் சிரித்தார்.

"பிறகு யூதப் பெட்டையெண்டு பிடிபட்டிட்டன். என்ர கத்தரிக்கோலைக் கையில தந்து வேலையால நிப்பாட்டிவிட்டான். பஸ் தரிப்பு வரைக்கும் சிரிச்சுக்கொண்டு போனன். பஸ்ஸுக்குள்ளதான் அழுதன்."

அம்மா எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் மார்கரெட்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நான் ஜேன்!" என்று இன்னொன்று. பட்டறைக்கென்று வைத்துக்கொண்ட பெயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பழக்கத்தில் ஓடவிட்டிருந்த ஒலிப்பதிவு நாடாவின் ஒரு பக்கம் முடிந்துவிட, நான் பதறிப்போய் அதைத் திருப்பிப் போட்டேன்.

அந்த நாடாதான் என் முதல் அத்தியாயம், முதல் புத்தகம், இன்றைய உத்தியோகம். நன்றியுரையில் அம்மாவின் பெயரை முழுதாகப் போட்டேன். மாமா அந்தப் பக்கத்தை மட்டும் படித்தார்.

அந்த மண்டபம் இன்று உடற்பயிற்சிக்கூடம். பதினொரு பேரில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசி, ஒருவரும் ஒருவரைக் கேளாமல், ஆனாலும் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிய அந்த வியாழக்கிழமைச் சத்தம் லண்டனில் இனி எங்கும் கேட்காது.