அடுப்பில் ஏறிய வில்லை

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஏரோஜெல் செய்கிறோம். ஜெல்லிலிருந்து ஈரத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை நிறுத்திய பொருள். சூட்டைத் தாண்டவிடாது. ஆனால் பொரித்த அப்பளம் மாதிரி, அழுத்திப் பிடித்தாலே நொறுங்கும். உறுதிக்காகப் பிளாஸ்டிக் மாதிரியான பாலிமர் கலந்து, தட்டையாக ஒரு வில்லை செய்தேன். கீழே போட்டும் உடையவில்லை. வாய் சும்மா இருக்குமா? கரியமாணிக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு, "கீழ நெருப்பு வெச்சா மேல கை வெக்கலாம்மா" என்று பீற்றிக்கொண்டேன்.

வெயிலில் கொதிக்கும் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் இதைப் பொருத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை; அம்மாவுக்கும் அது தெரியும். அம்மாவுக்குக் காட்ட அந்த வில்லையை எடுத்துப்போனேன். பையை வைத்துவிட்டுக் கொல்லையில் முகம் கழுவித் திரும்பினால், பிளாஸ்டிக் கருகும் வாடை.

அம்மா வில்லையை கேஸ் அடுப்பில் ஏற்றியிருந்தாள். பாலிமர் கலக்காத பழைய வில்லை என்றால் தீயைத் தாங்கும். இது தாங்காது. பாலிமர் எரிந்தால் வில்லை பிளக்கும், தீ மேலே வந்துவிடும்.

தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல் அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். சொய் என்ற சத்தமே இல்லை. சேப்பங்கிழங்கு இலைமேல் ஓடுவதுபோல் துளிகள் உருண்டன. "இன்னும் காயலயே" என்று தீயைப் பெரிதாக்கினாள். பிறகு உள்ளங்கையை மேலே வைத்தாள்.

கத்தினால் பதறி அழுத்திவிடுவாளோ என்று பயம். கத்தாமல் இருந்தால்? நாற்று நடுகிற கை அது. கிட்டே போய் அடுப்பை அணைத்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன்.

"சூடே இல்லடி. நீ சொன்னது நெசந்தான்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

இன்னொரு கையால் இடுக்கி எடுத்து வில்லையைத் தூக்கினேன். இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே முழுக்கக் கரி. மேலே ஒரு நகக்கனம் மட்டும் வெள்ளையாக மிஞ்சியிருந்தது.

அம்மா அதைப் பார்க்கவில்லை. நான் அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத்தான் பார்த்தாள்.

"இன்னாடி, கைரேகையா பாக்குற? வூட்டுக்கு எப்ப மாட்டப்போற, அத்த சொல்லு."

நான் அந்தக் கையை விடவில்லை.